மேலூர் பஸ்ஸில் ஒரு பெர்பீஸ்காரர்

தென்னமெரிக்கக் கடலோரத்தில் செட்டில் ஆகலாமா என்று மாட்டுத்தாவணி டீக்கடையில் யோசிப்பவர், தன்னைப் புதுமைக்காரர் என்றே நினைத்துக்கொள்வார். பாவம், 180 வருஷம் தாமதம்.

1845-லேயே மெட்ராஸிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பல் கிளம்பிவிட்டது. விசா இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு கைநாட்டு. கடற்கரை இருந்தது, கரும்புத் தோட்டத்தில் நிற்பவருக்கு அதை ரசிக்கத்தான் நேரமில்லை. கூடவே மாரியம்மனும் போனாள்.

கயானாவின் கிழக்கே பெர்பீஸ் பக்கத்து அம்மன் கோயில்களில் இன்றும் தப்பு ஒலிக்கிறது. விம் கிராமத்தில் பிறந்த மோசஸ் நாகமுத்து 2015-இல் கயானாவின் பிரதமரானார். பெர்பீஸ்காரர் வீரசாமி பெருமாள் மேற்கிந்தியத் தீவுகளுக்காகப் பந்து வீசினார். பெயர்களைக் கேட்டால் மேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள்தான்.

ஒன்று மட்டும் இடிக்கும். கடல் ஏறும் நேரத்தில் தலைநகர் ஜார்ஜ்டவுன் அதன் மட்டத்துக்குக் கீழே கிடக்கும். தடுப்புச் சுவரும் மதகுகளும்தான் காப்பு. வைகையில் தண்ணீர் வருமா என்றே எட்டிப் பார்த்துப் பழகியவர், வந்துவிடுமோ என்று பயப்படப் புதிதாகக் கற்க வேண்டும்.