செவப்புக்குப் பக்கத்துல வெள்ளையா?

இன்னா பேத்தி, தறிச் சத்தத்துல தூங்கி வளர்ந்த அம்மையார்குப்பத்துப் பொண்ணு நீ. செவப்புத் துண்டுக்குப் பக்கத்துலயே வெள்ளைத் துண்ட வெச்சுப் போர்வை தெச்சிருக்கியே, உன் தெகிரியத்தப் பாக்க திருத்தணி முருகனே 365 படியும் எறங்கி வரணும். முதல் தோய்ப்புலயே வெள்ளையெல்லாம் ரோசாக் கலராயிடுச்சாம். ஒடனே உப்பும் வினிகரும் ஊத்தி ஊற வெச்சியாம். போர்வையா அது, ஊறுகாயா?

உப்பு, சாயம் ஏத்தறப்போ போடறது. தொட்டியில கீற சாயத்த நூல் பக்கம் தள்ளி வுடும். மேல சலவை சோடா போட்டாதான் ரியாக்டிவ் சாயம் பருத்தியக் கெட்டியாப் புடிக்கும். புடிக்காத மிச்சத்த அலசி எடுக்காம வுட்டா, தண்ணி பட்டதும் பக்கத்துத் துண்டுக்குக் கெளம்பிடும். வினிகர், பட்டுக்கும் கம்பளிக்கும் போடற ஆசிட் சாயத்துக்குத்தான் ஒத்தாசை. பருத்திக்கு அதால நாத்தம்தான் மிச்சம்.

மனச வுடாத. சாயம் போறதையே பெருமையா வித்த ஆளுங்க கீறாங்க. 1958-ல வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்காக்காரர், கேப்டன் கிருஷ்ணன் நாயர் கிட்ட மெட்ராஸ் கட்டம் போட்ட துணி வாங்கிக்கினு போயி ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு வித்தார். பச்சைத் தண்ணியில பதமா தோய்க்கணும்ன்ற சேதி மட்டும் கூடப் போவல. சட்டை வாங்கனவங்க மெஷின்ல போட்டாங்க, கட்டமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து போச்சு. கோர்ட்டு வரைக்கும் பேச்சு போச்சாம். அப்பறம் பாரு, சாயம் போறதுக்கு உத்தரவாதம்னே விளம்பரம் போட்டாங்க, கிராக்கி எகிறிடுச்சி! நீயும் உன் மாமியார் கிட்ட அப்டி சொல்லிப் பாரேன். மொறம் பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து சொல்லு.

இப்ப அத காய வுடாத, இஸ்திரியும் போடாத. பெரிய அண்டா நெறைய நல்ல சூடான தண்ணி, சோப்புத் தூள் போட்டு, போர்வை தாராளமா முழுவற மாதிரி ராத்திரி பூரா வுடு. தண்ணிய சிக்கனம் புடிச்சியோ, வெளிய வந்த சாயம் திரும்ப அதே வெள்ளையிலதான் போயி குந்தும். காலையில தண்ணி கலர் கலரா கீதா? கொட்டிட்டு மறுபடி ஊற வெய்யி. பிளீச்சிங் பவுடர் பக்கம் மட்டும் போவாத, கறையோட செவப்பும் கெளம்பிடும்.

அடுத்த தபா தெக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு துண்டையும் சுடுதண்ணியில தனித்தனியா அலசு. ஈரத் துண்ட வெள்ளைத் துணி மேல வெச்சு சூடா இஸ்திரிய அழுத்து. வெள்ளையில கறை பட்டா அந்தத் துண்டு இன்னும் அடங்கலன்னு அர்த்தம்.

அப்பறம் நடுவுல ஒரு மஞ்சத் துண்டு கீதே, ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சத்தூள் கரைச்சு முக்கன வேட்டிதானே அது? அது எந்தச் சுடுதண்ணிக்கும் அடங்காது. தையலப் பிரிச்சி எடுத்துடு. இல்லன்னா மாப்பிள்ளை தெனம் காலையில நலுங்கு வெச்ச மூஞ்சியோடதான் எழுந்து வருவார்.