அரைக்கட்டை அண்ணன்

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, ராகலை என்று இலங்கை மலைநாட்டில் எந்த ஊரில் போய் இறங்கினாலும் ஓர் அரைக்கட்டை அண்ணன் கிடைப்பார். ஓட்டோ ஓட்டுவார், சலூன் வைத்திருப்பார், இல்லையென்றால் ஆடித் திருவிழாவுக்கு ரேடியோ செட் கட்டுவார். பிழைப்பு எதுவானாலும் உத்தியோகம் ஒன்றுதான். பழைய பாட்டை மேடையில் திரும்பப் பாடிய பதிவு எது வந்தாலும் முழுக்கக் கேட்டு, "அரைக்கட்டை எறக்கிட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்வது. ஆர்மோனியப் பெட்டியை அவர் தொட்டதே இல்லை. மூலப் பாட்டு எத்தனை கட்டை என்று யாராவது கேட்டால், கேள்வியே காதில் விழாதது மாதிரி மேகத்தைப் பார்ப்பார். ஆனால் சுருதி இறங்கியது அரைக்கட்டை என்பதில் மட்டும் ஐயமே கிடையாது. கால் கட்டை என்று குறைத்துச் சொன்னதும் இல்லை, ஒரு கட்டை என்று கூட்டிச் சொன்னதும் இல்லை. இவரை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிடுவது சுலபம். தள்ளக்கூடாது என்பது என் கட்சி. அண்ணன் செய்வது இசை விமர்சனமே அல்ல, அது ஓர் அதிகாரம். அதைச் செலுத்துவதற்கு அவருக்கென்று மிச்சமிருக்கிற ஒரே இடம் பாட்டுத்தான்.

அண்ணனின் திறமை முழுசாக வெளிப்பட்ட வழக்கு 2019 இல் வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017 மார்ச்சில், எஸ்.பி. பாலசுப்ரமணியம் தமது ஐம்பதாண்டுப் பாட்டுப் பயணத்துக்காக அமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அனுமதி இல்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பாலுவும் இனி அந்தப் பாட்டுகளைப் பாடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு மற்றவர்களின் பாட்டுகளோடு பயணத்தைத் தொடர்ந்தார். பிறகு 2019 ஜூன் 2 ஆம் திகதி, இளையராஜாவின் பிறந்தநாளன்று, சென்னைக்கு வெளியே இ.வி.பி. பிலிம் சிட்டியில் 'இசை செலப்ரேட்ஸ் இசை' நிகழ்ச்சியில் இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். யேசுதாசும் வந்திருந்தார். தமிழ் பேசுகிற உலகம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பார்வையாளர்கள் போனில் பிடித்த துண்டுகள் கடலைத் தாண்டின. மலையகத்துக்கு அவற்றில் பாதியாவது கோத்தகிரி, கூடலூர் வழியாகத்தான் வந்திருக்கும். 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போன சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் வாட்ஸ்அப்பில் உறவு வளர்க்கிறார்கள்.

அந்தத் துண்டு அண்ணனிடம் வந்து சேர்ந்த காட்சியைக் கற்பனை செய்யப் பெரிய முயற்சி வேண்டாம். மழை. தேத்தண்ணிக் கடையின் தகரத்தில் சடசட சத்தம். சத்தம் கூடட்டும் என்று போனை வெறும் பிளேன்டீ கிளாசுக்குள் தலைகீழாக நிறுத்தியிருப்பார்கள். அண்ணன் ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக் கண்ணை மூடியிருப்பார். பல்லவி தாண்டும், முதல் இடையிசை தாண்டும், இரண்டாவதில் விரல் படாரென்று இறங்கும். "தம்பி, நிப்பாட்டு. இந்த எடத்துல வயலின் ரெண்டாவது தரம் ஏறணும். ஏறல." கடைக்காரர், "அவங்க ரெண்டு பேரும் ராசியானது சந்தோசந்தானேண்ணே" என்று பேச்சை மாற்றப் பார்ப்பார். அதற்கும் அண்ணனிடம் பதில் தயார்: "ரெண்டு வருசமெல்லாம் ஒரு பிரிவாடா? எங்க பெரியப்பா கப்பலேறி அம்பது வருசமாச்சு." சென்னை ரசிகனுக்கு ஒரு கச்சேரியாக இருந்த சங்கதி இங்கே வேறொரு முழக்கோலால் அளக்கப்படுகிறது. இது போதாதா, அழவும் வேண்டுமா?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அண்ணன் சொல்வது உண்மையாகவே இருக்கலாமே? அன்றைக்கு இளையராஜாவுக்கு 76 வயது, யேசுதாசுக்கு 79, பாலுவுக்கு 73 முடிய இரண்டு நாள் பாக்கி. வயது ஏற ஏறத் தொண்டை இறங்கும், பாடகர்கள் சுருதியைக் குறைத்துக்கொள்வது உலக வழக்கம். ஸ்டூடியோவில் பத்துத் தடவை பாடிச் சரிசெய்ததை மேடையில் ஒரே தடவையில் பாட வேண்டும் என்பதும் சின்ன விசயமா? எல்லாம் சரி. அண்ணனுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அவர் எதோடு ஒப்பிடுகிறார் என்பதைப் பார்த்தால்தான் விசயம் சுவைக்கும். அவரிடம் இருக்கும் 'ஒரிஜினல்' சென்னையில் பதிவான ஒரிஜினல் அல்ல. ஹட்டன் கடையில் பிரதிக்குப் பிரதி எடுத்த கசெட், பஸ்ஸில் பதினைந்து வருடம் ஓடிய கசெட். கசெட் ஓட்டத்துக்கு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. மோட்டார் கொஞ்சம் அவசரப்பட்டு அதில் நூற்றுக்கு ஆறு பங்கு கூட்டி ஓட்டினால் சுருதி சரியாக அரைக்கட்டை ஏறிவிடும். பிரதியெடுக்கும்போது மூலக் கசெட்டை ஓட்டிய டெக் அவசரக்காரனாக இருந்திருந்தால், பாட்டைச் சுருக்கிச் சுருதியை ஏற்றிய அந்தப் பிரதியைத்தான் அண்ணன் இருபது வருடம் வேதமாகக் கேட்டிருக்கிறார். ஆக, பாலு தன் சொந்தச் சுருதியிலேயே பாடியிருந்தாலும் அண்ணன் காதுக்கு அது அரைக்கட்டை குறைவுதான். அவர் பொய் சொல்லவில்லை. தன் ஊரின் மோட்டாருக்கு உண்மையாக இருக்கிறார்.

இதே கதைதான் கீழ் ஓசைக்கும். கோயில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்குக் கனத்த ஓசைகள் வராது, மெல்லியவை மட்டும் மூன்று மலை தாண்டிக் கேட்கும். இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸ் கிட்டாரைப் பற்றி உலகத்து ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் படித்தவர்களுக்கோ அப்படி ஒருவர் வாசித்த விசயமே இயர்போன் வந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் மேடைப் பதிவில் பேஸ் கும்மென்று கேட்டதும் அண்ணன் முகத்தைச் சுளிக்கிறார்: "ஒரிஜினல்ல இதெல்லாம் இல்ல, புதுசாச் சேத்துட்டாங்க."

சரி, கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் இவர் ஏன் சொந்தக்காரர் மாதிரி பேசுகிறார்? அதற்கு வரலாற்றில் இடமிருக்கிறது. 1952 இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் குரல்வளையை நெரித்தார். 1957 இல் விவித் பாரதி வரும்வரை தமிழ்நாடு தன் பாட்டைத் தானே கேட்பதற்குக் கொழும்பு வானொலியைத் திருப்பவேண்டியிருந்தது, அதன் பிறகும் வெகுகாலம் திருப்பிக்கொண்டே இருந்தது. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்கள் மதுரையிலும் வீட்டுக் குரல்களாயின. இதிலிருந்து அண்ணன் எடுக்கும் முடிவு: "நாங்க போட்டுத்தான் அவங்க கேட்டாங்க." வானொலியில் அவர் குடும்பத்தின் பங்களிப்பு, நேயர் விருப்பத்துக்கு லயத்திலுள்ள அத்தனை பேரின் பெயரையும் நுணுக்கி எழுதிப் போட்ட தபாலட்டைதான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒன்று. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் எந்த நாட்டுப் பதிவேட்டிலும் இல்லை. எஞ்சியவர்களுக்கெல்லாம் சேர்த்துக் குடியுரிமை கொடுத்த சட்டம் 2003 இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெயர்களை அரசாங்க நிறுவனம் ஒன்று உரக்க, மரியாதையாக, தப்பில்லாமல் வாசித்த இடம் அந்தப் பாட்டுக்கு முன்னால் இருந்த அரை நிமிடம். அப்படிப்பட்ட பாட்டை யாரோ சென்னையில் இஷ்டத்துக்கு மாற்றிப் பாடினால் அண்ணன் ஆட்சேபணை எழுப்பத்தான் செய்வார்.

இதெல்லாம் வயசாளிகளின் பழைய நினைப்பு, கசெட்டோடு சேர்ந்து போய்விடும் என்பார்கள். போகவில்லை. கொழும்புப் புடவைக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் தீபாவளிக்குப் பொடி மெனிக்கே ரயிலில் நின்றுகொண்டே வருகிற இருபத்திரண்டு வயதுப் பையனைக் கேட்டுப் பாருங்கள். கசெட்டை அவன் கையால் தொட்டிருக்க மாட்டான். பாட்டு வந்த வருடம் அவன் அப்பாவுக்கே மீசை முளைக்கவில்லை. ஆனாலும் காதிலிருந்து இயர்போனை உருவிக்கொண்டே, "மாமா, லைவ்ல அரைக்கட்டை கொறச்சிட்டாங்க மாமா" என்பான். நினைவே இல்லாதவனுக்கு ஏது பழைய நினைப்பு? அவனுக்குக் கிடைத்திருப்பது நாற்காலி. அப்பன் உட்கார்ந்த நீதிபதி நாற்காலியில் மகன் உட்காருகிறான்.

அந்த நாற்காலி ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதற்குத் தோட்டத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். மலையில் நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு கட்டு. அதில் குறைந்தால் காலையிலிருந்து மழையில் நின்றவளுக்கும் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். தராசு தோட்ட நிர்வாகத்துடையது. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கிற கிலோவும் அவர்கள் வைத்தது. முழுப்பேருக்கு ஆயிரம் ரூபாய் என்று வருவதற்கே 2021 ஆகிவிட்டது. இப்படி வருடமெல்லாம் மற்றவர் நிறுக்க நின்ற வீட்டில் ஒருவர், சாயங்காலம் கால்மணி நேரம், தானே தராசைத் தூக்கிப் பிடித்து இளையராஜாவுக்கும் யேசுதாசுக்கும் அரைக்கட்டை கழிக்கிறார். கைநாட்டு கேட்காமல், மேல்முறையீடு இல்லாமல். உலகத்துப் பெரிய வித்துவான்களுக்கே அரைப்பேர் போடுகிற சுகத்தை அவரிடமிருந்து பிடுங்குவதற்கு எனக்கு மனசு வரவில்லை. உழைக்கிறவரைக் கேலி செய்கிறாயே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அண்ணனிடம் போய் உங்கள் அனுதாபத்தைக் கொடுத்துப் பாருங்கள், அதிலும் அரைக்கட்டை குறைவு என்பார்.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அரைப்பேர் நிஜமாக விழுவது பெரும்பாலும் அண்ணிக்கு, தராசைப் பிடிப்பது அண்ணன். இந்த அநீதி அண்ணிக்குத் தெரியும். அண்ணன் அரைமணி நேரம் வயலின் ஏறாததை விளக்கி முடித்ததும், ரொட்டி தட்டிக்கொண்டே அவள் ஒரே வரியில் வழக்கை முடித்துவிடுவாள்: "இந்த வயசுலயும் மனுசன் எவ்வளவு பாடுறாரு, பாவம். நீங்க இன்னிக்கித் தண்ணி புடிச்சீங்களா?"

வெளிநாட்டில் இப்படி ஆள் இல்லையா என்றால் நிறைய உண்டு. லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழு 2007 டிசம்பரில் இலண்டனில் ஒரே ஓர் இரவு மறுபடி கூடியது. டிக்கெட்டுக்கு இரண்டு கோடி விண்ணப்பம் வந்ததாகச் சொன்னார்கள். இறந்துபோன டிரம் கலைஞரின் இடத்தில் அவருடைய மகன் உட்கார்ந்தார். அந்தப் பதிவு 2012 இல் வெளிவந்தபோது அங்கேயும் அளந்தவர்கள் அளந்தார்கள். ஒரு வித்தியாசம்: நேரில் போனவனுக்குக் கொடுத்த காசு கண்ணை மறைக்கும். இவ்வளவு செலவழித்துக் கேட்ட கச்சேரி சுமார் என்று சொல்ல அவன் வாய் வராது. அண்ணனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அவர் டேட்டாவுக்கு மேல் எதுவும் செலவழிக்கவில்லை. அப்பழுக்கில்லாத நடுநிலை என்றால் இதுதான்.

நெஞ்சில்லாதவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2020 செப்டம்பர் 25 இல் பாலு போனபோது அதே 2019 துண்டுகள்தான் ஓட்டோக்களில் ஓடின, அண்ணன் கட்டைப் பேச்சே எடுக்கவில்லை. 2024 ஜனவரியில் கொழும்பில் இளையராஜா மேடையேற இருந்தார். இரண்டு நாள் இருக்கையில் மகள் பவதாரிணி கொழும்பிலேயே காலமாகி, நிகழ்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. அப்போதும் விரல் இறங்கியே இருந்தது. துக்கத்துக்கு அண்ணன் ஒரு மாதம் கொடுப்பார். முப்பத்தோராம் நாள், பாலுவின் மகன் சரண் அப்பாவின் பாட்டைப் பாடிய பதிவு வந்தால், "பையன் நல்லாத்தான் பாடுறான், இருந்தாலும்..." என்று தொடங்கிவிடுவார். அவர் தேறிவிட்டார் என்று ஊர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும்.

அவருக்கு உண்மையான சங்கடம் 2025 மார்ச் 8 ஆம் திகதி வந்தது. அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றியது. கசெட் இல்லை, பஸ் இல்லை, குழாய் ஸ்பீக்கர் இல்லை, முன்னால் கேட்டது என்று எதுவுமே இல்லை. கிளாசுக்குள் போன் வைக்கப்பட்டது, விரல் உயர்ந்தது, ஆனால் எங்கே இறக்குவது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் அண்ணன் கண்ணைத் திறந்து, "மொதத் தரம் வாசிக்கிறத வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது தம்பி" என்றார். "இன்னொரு தரம் வாசிக்கட்டும்."