முதல் வாரத்து மேதை

ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். ஐம்பதைத் தொட்ட வயது, நல்ல வேலை. பொங்கல் லீவில் திடீரென்று ஞானோதயம் வரும்: "இந்த ஸ்டாடிஸ்டிக்ஸை மட்டும் அப்பவே ஒழுங்காப் படிச்சிருந்தா..." வாக்கியத்தை முடிக்கமாட்டார். வேறு எதையும் முடிக்கமாட்டார் என்பது போகப்போகத் தெரியும்.

உடனே என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் ஒரு கோர்ஸ். ஐஐடி பேராசிரியர், பன்னிரண்டு வாரம், சேரக் காசு வேண்டாம். காசு வேண்டாம் என்றதும் நம்மவருக்குக் கை சும்மா இருக்காது. ஹார்வர்டில் ஜோ பிளிட்ஸ்டைன் நடத்திய ஸ்டாட் 110 யூடியூபில் கிடக்கிறதா, அதையும் சேர்த்துவைப்பார். எம்.ஐ.டி.யின் ஜான் சிட்சிக்லிஸ் பாடமா, அதுவும் இருக்கட்டும்.

அடுத்து, கெட்டி அட்டை போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'நிகழ்தகவு' என்று நாலு கலரில் தலைப்பு. முதல் வாரம் முழுக்க நாணயமும் பகடையும்தான். இவற்றில் அவரை மிஞ்ச ஆளில்லை. மூன்று பேராசிரியர்களிடம் முதல் பாடம் கேட்டவர் ஆயிற்றே! இரண்டாம் வாரம் நிபந்தனை நிகழ்தகவு வரும், பேயஸ் தேற்றம் வரும், கூடவே மாமியார் வீட்டில் ஏதாவது விசேஷமும் வரும்.

படிப்பு நின்றாலும் பிரசங்கம் நிற்காது. ஒரு கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தார்: "இருபத்து மூணு பேர் இருந்தாப் போதும் சார், ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல சான்ஸ்!" கணக்கு சரிதான், 50.7 சதவீதம். நிரூபித்தும் காட்டினார். முதல் ஐந்து பேரிலேயே மூன்று பேருக்கு ஜூன் 1. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த மூவரும் பள்ளியில் சேர்ந்தபோது ஹெட்மாஸ்டர் போட்டுக்கொடுத்த தேதியில் பிறந்தவர்கள். எல்லாத் தேதிக்கும் சம வாய்ப்பு என்ற அனுமானத்தை நம்மூர் ஹெட்மாஸ்டர்கள் எப்போதோ உடைத்துவிட்டார்கள். பக்கத்து இலைப் பாட்டி, "தேதியெல்லாம் யாருக்குப்பா தெரியும்? நான் ரேவதி" என்றார். நட்சத்திரங்கள் மொத்தமே 27. ஏழு பேர் இருந்தாலே ஒரே நட்சத்திரக்காரர் இருவர் அகப்பட 57 சதவீத வாய்ப்பு. பாட்டி சொன்னது இன்னும் நல்ல கணக்கு! நம்மவர் நோட்டில் 365 மட்டும்தான் இருந்தது. பேசாமல் ரசத்துக்குக் குழி பறித்தார்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தங்கள் முதல் 17 இலவச இணையப் பாடங்களின் கணக்கை 2014 ஜனவரியில் வெளியிட்டன. பதிவுகள் 8,41,687, சான்றிதழ்கள் 43,196. நூற்றுக்கு ஐந்து. ஏறக்குறைய 3 லட்சம் பதிவுகள் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்காதவை. இதைச் சொன்னதும் அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். "நான் முதல் வாரம் பார்த்தேனே! அப்ப நான் ஆவரேஜுக்கு மேலதானே?" என்றார். ஆவரேஜ் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது போலிருக்கிறது.

இப்போது மறுபடியும் சேர்ந்திருக்கிறார். "ஒன்பது கோர்ஸ் பாதியில விட்டாச்சு. இத்தனை தடவை தப்பினா, பத்தாவது கட்டாயம் முடியணுமே!" ஒன்பது முறை பூ விழுந்தால் பத்தாவது முறை தலைதான் என்று நம்புவதற்குச் சூதாடியின் மயக்கம் என்று பெயர். நாணயத்துக்காவது முன்னால் விழுந்தது ஞாபகம் இருக்காது. சோம்பலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். சார்பிலா நிகழ்ச்சிகள் என்ற பாடத்தில் நாணயத்தின் இந்த மறதியைத் தெளிவாகவே விளக்குகிறார்கள். அது முதல் வாரத்தில் இல்லை.

என்பிடெலில் வாராவாரம் தரும் அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்குப் போய் எழுதும் பரீட்சைக்கு 75. சேரத்தான் இலவசம், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். புதிய தகவல் வந்தால் பழைய கணிப்பைத் திருத்திக்கொள்ளச் சொல்கிறார் பேயஸ். நம்மவர் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.