மயிரிழை மர்மம்

கீழே கிடக்கும் ஒற்றை முடியை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாமாமே?

ஆளையா, ஆளின் அம்மாவையா? வேர் இல்லாத பழைய முடியில் ஓரளவு முழுசாகத் தேறுவது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான். அது தாய்வழிச் சொத்து. அண்ணன், தங்கை, தாய்மாமன், அம்மாவைப் பெற்ற பாட்டி எல்லோருக்கும் கூட்டுப்பட்டா! 'இவன் இல்லை' என்று அடித்துச் சொல்லும். 'இவனேதானா?' என்று கேட்டால் தலையைச் சொறியும்.

பீத்தோவனின் முடியில் ஈயம் இருந்ததாகக் கண்டுபிடித்தார்களே?

ஈயம் சரி, தலைதான் வேறு! 1827-ல் அவர் தலையிலிருந்து கத்தரித்ததாகக் காலங்காலமாகப் போற்றப்பட்ட 'ஹில்லர்' முடிச்சுருள், டிஎன்ஏ சோதனையில் ஒரு பெண்ணுடையது என்று 2023-ல் தெரியவந்தது. சோதித்த எட்டுச் சுருள்களில் ஐந்துதான் அசல் எனத் தேறின. அந்த அசலில் ஹெபடைடிஸ் பி வைரஸின் தடயம் கிடைத்தது. காது ஏன் போனது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டே அசல் முடியிலும் ஈயம் ஏராளம் என்றார்கள். ஆனால் அது மட்டுமே ஆளைக் கொன்றிருக்காதாம்.

மைக்ராஸ்கோப் இருக்க, டிஎன்ஏ எதற்கு?

வாஷிங்டனில் 1978-ல் நடந்த கொலை. கொலையாளியின் முகமூடியில் சிக்கிய 13 முடிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒன்று ஓர் இளைஞருடையதோடு பொருந்துகிறது என்று எஃப்.பி.ஐ. சாட்சி சொல்ல, அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். பிற்பாடு டிஎன்ஏ பார்த்தால், ஒரு முடிகூட அவருடையது இல்லை. பதின்மூன்றில் ஒன்று நாயுடையது!