சுழலும் காற்று, விழும் தூசி

கேள்வி: ஆலைகளில் நிற்கும் கூம்பு வடிவ சைக்ளோன், வடிகட்டித் துணி ஏதுமின்றித் தூசியை எப்படிப் பிரிக்கிறது?

பதில்: சுழற்றியே பிரிக்கிறது! தூசிக் காற்று உருளைக்குள் பக்கவாட்டில் வேகமாக நுழைந்து சுழல்கிறது. துகள்கள் மையவிலக்கு விசையால் சுவரில் மோதி, வேகமிழந்து, கூம்பு வழியே அடிப்பெட்டிக்குச் சரிகின்றன. காற்று நடுவே மேலேறி வெளியேறுகிறது. உள்ளே நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை என்பதே இதன் அழகு. சிமென்ட் ஆலையின் கொதிக்கும் வாயுவையும் தாங்கும்.

10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் சிக்கிவிடும். நுரையீரலின் ஆழம்வரை செல்லும் 2.5 மைக்ரான் தூசியோ பெருமளவு தப்பிவிடும். சைக்ளோனின் விட்டம் குறைந்தால் மையவிலக்கு விசை கூடும். அதனால் சிறு சைக்ளோன்களை இணையாக அடுக்குவதுண்டு. அதுவும் போதாத இடத்தில் பை வடிகட்டி போன்ற கருவி தேவைப்படும். அடிப்பெட்டியில் சிறு கசிவு இருந்தாலும், உள்ளே புகும் காற்று விழுந்த தூசியை மீண்டும் தூக்கிச் சென்றுவிடும்.