மூணாவது சாவி

பத்து மாத வாடகையை அட்வான்ஸாக எண்ணிக் கொடுத்தபோதுகூட எனக்குக் கை நடுங்கவில்லை. ஓனர் சார் சாவியைக் கொடுத்தபோதுதான் லேசாக உதறியது. குரோம்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன். கதவில் நைட் லாட்ச். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டோடு வந்தவை மூன்று சாவிகள் என்று அவரே பெருமையாகச் சொன்னார். என் உள்ளங்கையில் வைத்தது இரண்டு.

"மூணாவது, சார்?"

"அது எங்கிட்ட இருக்கட்டும். ஒரு அவசரம்னா வேணுமில்ல?"

யாருடைய அவசரம் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அட்வான்ஸ் அவர் பையில் இருந்தது.

ஓனர் சார் ஓர் அரசு அலுவலகத்தின் ஸ்டோர் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆணி வெளியே போனாலும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பழகிய கை. அப்படிப்பட்டவர் தன் வீட்டு மாடியைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒருவனிடம் விட்டாலும், சாவியை முழுசாக விடுவாரா?

என் மனைவிக்கு முதல் நாளே சந்தேகம். "நாம ஆபீஸ் போனதும் அவர் மேல வந்து பார்ப்பாருங்க." அதன் பிறகு வீட்டில் எது இடம் மாறினாலும் அது மூணாவது சாவியின் வேலை. சர்க்கரை டப்பா இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் போயிருந்தது. மூணாவது சாவி. பாத்ரூம் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. மூணாவது சாவி. ஒரு நாள் மாடிப்படியில் அவரே வழிமறித்து, "நேத்துப் பகல் பூரா உங்க ஃபேன் ஓடிட்டே இருந்தது போல?" என்றார். மாட்டிக்கொண்டார் என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். படிக்குக் கீழே இரண்டு போர்ஷன் மீட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதும், அவர் தினமும் அதன் எதிரில்தான் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பதும் எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. துப்பறிகிறவர்களுக்கு எளிய காரணங்கள் பிடிப்பதில்லை.

மனைவியின் யோசனைப்படி ஒரு திங்கட்கிழமை கதவைச் சாத்துவதற்கு முன் வாசற்படிக்கு உள்பக்கம் கோலமாவைத் தூவிவிட்டுப் போனோம். எவர் நுழைந்தாலும் கால்தடம் விழும். சாயங்காலம் மழைக்குப் பயந்து இருவரும் ஓடி வந்து கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தோம். பிறகு குனிந்து பார்த்தால் தெளிவான நான்கு கால்தடங்கள். எல்லாம் எங்களுடையவை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சாவி என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான். ஆக, ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்க்க ஒன்று, நாம் ஒளித்துவைக்க ஒன்று, அவர் உள்ளே வந்து அதைத் திறந்து பார்க்க ஒன்று என மூன்றையும் ஒரே கப்பலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சாவியைத் 'திறப்பு' என்பார்கள். எங்கள் வீட்டு மூணாவது சாவிக்கு அந்தப் பெயர் இன்னும் பொருத்தம்.

கோலமாவு கைகொடுக்காததால் சட்டத்தைப் பிடித்தேன். தமிழ்நாட்டில் வாடகை வீடுகளுக்கென்று 2017இல் ஒரு சட்டம் இயற்றி, 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு ஒரு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யலாம். மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நானும் மனைவியும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வேண்டியது வேறு வரி. ஓனர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே காரணம் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அச்செடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் பூசி, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் இப்படித் தாளில் பேசியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை கதவிடுக்கில் ஒரு சீட்டு. 'பொருள்: சமையலறைக் குழாய் சொட்டுதல் தொடர்பாக. நாளை காலை 10 மணிக்கு நேரில் ஆய்வு.' கீழே, 'நகலில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவும்.' அதன் பிறகு மாதத்துக்கு நாலு சீட்டு. ஆய்வுக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் பெல் அடித்துவிட்டு, நாங்கள் திறக்கும்வரை வெளியே நிற்பார். எங்கள் முன்னால் நடிக்கிறார் என்றாள் மனைவி.

ஆடி வந்தது. குற்றாலத்தில் சீசன் என்று மனைவி தென்காசிக்கு அம்மா வீட்டுக்குப் போனாள், தன் சாவியோடு. ஒரு விடியற்காலை பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்கு வந்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பறக்க அம்மி இல்லாததால் காற்று கதவைப் பிடித்துக்கொண்டது. டப். என் சாவி உள்ளே, ஃப்ரிட்ஜ் மேல். வெளியே நானும் லுங்கியும் அரை லிட்டர் பாலும்.

நான் பிறந்தது திண்டுக்கல். மாங்காய் வடிவத்தில் பூட்டு செய்து ஊருக்கே பேர் வாங்கி, 2019இல் புவிசார் குறியீடும் பெற்ற ஊர். அந்த ஊர்க்காரன் ஒரு கதவுக்கு முன்னால் இப்படி நிற்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று படியிறங்கினேன். ஒரு வருஷமாக எவருடைய சாவியைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவர் வீட்டு பெல்லை அடித்தேன்.

"மூணாவது சாவி கொஞ்சம் வேணும், சார்."

அவர் கண்ணில் வெற்றிக் களை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உள்ளே போய், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் கவிழ்த்தார். நாற்பது சாவியாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டி, அட்டையில் எழுத்து. 'பீரோ, பழையது.' 'மோட்டார் ரூம்.' 'சைக்கிள் (திருட்டுப் போனது).'

"திருட்டுப் போன சைக்கிளுக்கு எதுக்கு சார் சாவி?"

"கிடைச்சா, பூட்டைத் திறக்க வேணாமா?"

கிளறிக் கிளறிக் கடைசியில் 'மாடி' என்ற அட்டையை எடுத்தார். அட்டை இருந்தது. நூல் இருந்தது. நூலின் முனையில் ஒன்றுமில்லை.

ஓனர் சார் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். உங்களுக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் ஒரு நாள் வெளியே மாட்டிக்கொண்டு வாங்கிப் போனார், காலி செய்தபோது திருப்பித் தர மறந்தவரிடம் கேட்க நானும் மறந்துவிட்டேன் என்றார். "கையெழுத்து வாங்காம விட்டுட்டேன், சார்." முப்பது வருஷ சர்வீஸில் முதல் தடவை போலிருக்கிறது, குரல் கம்மிவிட்டது. "அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஒரு வருஷமாக நாங்கள் பயந்தது ஓர் அட்டைக்கு. நிஜமான சாவியை வைத்திருந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது.

ஸ்டேஷன் பக்கம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சாவி போடுபவரை அழைத்துவந்தோம். வெறும் சாவி ஒன்றைப் பூட்டுக்குள் விட்டுத் திருகி, வெளியே எடுத்துக் கண்ணருகே பிடித்து, பட்ட இடத்தில் அரத்தால் ராவினார். மறுபடி விட்டார். மறுபடி ராவினார். இருபது நிமிஷத்தில் கதவு திறந்தது. "யார்கிட்டயோ சாவி இருக்குன்னா பூட்டையே மாத்திடுங்க, சார்" என்று ஆலோசனையும் இலவசமாகச் சொன்னார். இலவசம் அது ஒன்றுதான்.

"சாவியைத் தொலைச்சது நீங்க. பூட்டுச் செலவு உங்களுது" என்றேன்.

உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். நான் கொடுத்த அதே அச்சுத்தாள். கடைசிப் பக்கத்தில், வாடகைக்கு இருப்பவர் செய்துகொள்ள வேண்டிய பராமரிப்புப் பட்டியலில், பூட்டு மாற்றுவதற்கு நேரே சிவப்புக் கோடு. அதே பட்டியலில் குளியல் தொட்டி ரிப்பேரும் இருந்தது. எங்கள் பாத்ரூமில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

"நீங்க கொடுத்த நகல்தான், சார்" என்றார் பணிவாக.

புதுப் பூட்டை நான்தான் வாங்கினேன். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் ஒரு வளையத்தில் மூன்று சாவிகள் தொங்கின. ஓனர் சார் எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து 'மாடி' என்ற அட்டையை எடுத்து, நூலை நீவிவிட்டு, என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். அட்டையின் பின்பக்கம் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

ராத்திரி தென்காசியிலிருந்து போன். முழுக்கதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, மூணாவது சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?" என்றாள்.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதா என்று விசாரித்தேன்.