பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற தொழில்

எய்யா பேராண்டி, கறுப்புக் கோட்டு உனக்கு நல்லாத்தான் இருக்கு. கோடை வெயில்ல கீழ்க்கோர்ட்டுக்குக் கோட்டு கட்டாயமில்லைன்னு பார் கவுன்சிலே விட்டுக்குடுத்திருக்காம். நீ என்னடான்னா தெருவுல நடக்கையில கூட அதை மாட்டிக்கிட்டு நடக்கே. பொண்ணு வச்சிருக்கிறவன் கண்ணுல படணும்னுதானே? படட்டும். ஆனா 'மாப்பிள்ளை என்ன கேசு பார்க்காரு?'ன்னு எவனாவது கேட்டா, 'சிவில்'னு சொல்லி வையி. கிரிமினல்னு சொன்னியோ, வெத்தலைத் தட்டைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிருவான். பாகப்பிரிவினைக் கேசு பார்க்கிற வக்கீலை, அண்ணன் தம்பியைப் பிரிச்ச பாவின்னு ஒருத்தனும் சொல்லுறதில்லை. கொலைக் கேசு பார்க்கிறவனை மட்டும், அருவாளுக்குக் கைப்பிடி போட்டதே இவன்தான்னு பார்ப்பானுக.

உங்க அம்மா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போறா. "மாமா, களவாணிக்கும் கொலைகாரனுக்கும் பேசப் போறேங்கான், நீங்களாவது புத்தி சொல்லுங்க"ன்னு. சொல்லுதேன்னு வாக்குக் குடுத்துட்டேன். ஆயுசு பூரா மாட்டுத் தரகு பார்த்தவன் நான். பொய்யை எத்தனை தினுசுல சொல்லலாம்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு உன் லா காலேஜு வாத்தியாருக்குத் தெரியாது. அதனால காதைக் குடுத்துக் கேளு.

முதல் புத்தி. கட்சிக்காரன் வந்து உட்கார்ந்ததும், "செஞ்சியா, இல்லையா?"ன்னு கேக்காதே. வரப்புத் தகராறுல என் மேலயும் ஒரு கேசு உண்டு, தெரியும்லா? கோர்ட்டு பாசையில குத்தம் சாட்டப்பட்டவன்தான் எதிரி; மூணாம் எதிரி நான். எங்க வக்கீலு தீர்ப்பு நாள் வரைக்கும் "அடிச்சீரா வே?"ன்னு கேக்கவே இல்லை. "அவன் என்ன சொல்லுதான்? யாரு பார்த்ததாச் சொல்லுதான்? அங்கன வெளிச்சம் எப்படி?"ன்னுதான் கேட்டாரு. கோர்ட்டு என்னை விட்டுட்டுது. நான் அடிச்சேனா இல்லையான்னு உங்க ஆச்சி சாகிற வரைக்கும் நச்சரிச்சா. அவளுக்கே சொல்லாதவன் உனக்கா சொல்லப் போறேன்?

அவனாவே வந்து, "ஆமாய்யா, நான்தான்"னு உன் காதுல போட்டுட்டான்னு வையி. பிறகு, "அன்னைக்கு இவன் திருச்செந்தூர்ல முடியிறக்கிக்கிட்டு இருந்தான்"னு பொய்ச்சாட்சியை நீ கூண்டுல ஏத்துனா, நீ வக்கீல் இல்லை, அடுத்த எதிரி. ஆனா சர்க்கார் கொண்டாந்த சாட்சி நிக்குமான்னு பார்க்க உனக்கு அப்பவும் பாத்தியதை இருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வரப்பு ரொம்ப ஒடுக்கம். சூதானமா நட.

"குத்தவாளின்னு மனசுக்குத் தோணுறவனுக்கு எப்படித் தாத்தா பேசுறது?"ன்னு நீயே ஒரு நாள் திண்ணையில உட்கார்ந்து கண்ணைக் கசக்குவே. இப்பவே பதிலைச் சொல்லிருதேன். தோணுறது உன் வேலை இல்லை. அதுக்குத்தான் சர்க்கார் சம்பளம் குடுத்து ஒருத்தரை உசந்த நாற்காலியில உட்கார்த்தி வச்சிருக்கு. எதிரி மேல உனக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் அவனுக்காக ஆஜராகலாம், ஆஜராகணும்னு உங்க பார் கவுன்சில் விதியிலயே எழுதியிருக்கு. நீ பரீட்சைக்குச் சத்தம் போட்டு உருப்போட்டப்போ நானும் திண்ணையில கிடந்து கேட்டவன்தான்.

அந்தக் கோயம்புத்தூர்க் கதையையும் நீதான் படிச்சே. வக்கீலுக்கும் போலீசுக்கும் தகராறு. எந்த வக்கீலும் அந்தப் போலீசுக்காரங்களுக்கு ஆஜராகக் கூடாதுன்னு வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டுட்டுது. 2010-ல சுப்ரீம் கோர்ட்டு, அப்படித் தீர்மானம் போடுறதே செல்லாதுன்னுட்டுது. யோசிச்சுப் பாரு, ஊரையெல்லாம் கூண்டுல ஏத்துற போலீசுக்கே ஒரு நாள் வக்கீல் தேவைப்பட்டுது. லண்டன்ல எர்ஸ்கின்னு ஒரு பாரிஸ்டராம். தாமஸ் பெயின் எழுதுன புஸ்தகத்துக்காக 1792-ல ராஜத்துரோகக் கேசு. "இதுல ஆஜராகாதேயும்"னு பெரிய மனுசங்க எல்லாம் சொன்னாங்களாம். மனுசன் கேக்கலை. கேசும் தோத்துது, இளவரசருக்கு வக்கீலா இருந்த பதவியும் போச்சு. அவர் பேரை இன்னும் சொல்லுதாங்க. கேசை ஜெயிச்சவன் பேரு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

ரெண்டாவது புத்தி, என் தொழில்ல இருந்து. மேலப்பாளையம் சந்தையில ஒருத்தன் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "நாலு பல்லுதான் அண்ணாச்சி, ஏர் பூட்டாத காளை"ன்னு சத்தியம் பண்ணுவான். அவனைப் பொய்யன்னு நான் சொல்ல மாட்டேன். மாட்டு வாயைத் திறந்து பல்லை எண்ணுவேன். கழுத்துல நுகத்தடித் தழும்பு இருக்கான்னு தடவுவேன். நடக்கவிட்டுப் பார்ப்பேன். பல்லும் தழும்பும் பேசிரும், எனக்கு வாய் வலி மிச்சம். உன் தொழிலும் அம்புட்டுத்தான். தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. ஒருத்தன் கழுத்துக் கயித்தோட வருதே சர்க்கார் மாடு, அதைப் பார்க்காம வாங்கலாமா?

எங்க பார்க்கணும்? எப்.ஐ.ஆர்-ல ராத்திரி பத்து மணின்னு இருக்கும். அந்தக் காகிதம் மாஜிஸ்திரேட் கைக்கு வந்தது மறுநாள் மத்தியானம் பன்னிரண்டுன்னு அவர் சுருக்கொப்பத்துக்குப் பக்கத்துல இருக்கும். ஸ்டேசனுக்கும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கும் நடுவுல மூணே தெரு. உடனே அனுப்பணும்னு சட்டம். அந்தப் பதினாலு மணி நேரமும் அது யார் வீட்டுல உட்கார்ந்து திருத்தம் வாங்குச்சு? கேளு.

அடிபட்டவனைப் பெரியாசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதும் டாக்டர் ஏ.ஆர்.ங்கிற விபத்துப் பதிவேடு எழுதுவாரு. தெரிஞ்ச நபர்கள் நாலு பேரு கம்பால அடிச்சதா அடிபட்டவனே சொல்லியிருப்பான். எப்.ஐ.ஆருக்கு வரும்போது நாலு ஏழாகும், கம்பு அருவாளாகும். கூடுன மூணு பேரு யாருன்னு விசாரிச்சா, ஒருத்தன் சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிட்டு உட்கார்ந்திருக்கிறவன், ஒருத்தன் துபாய்க்கு விசா வந்தவன், ஒருத்தன் அந்தக் குடும்பத்துலயே நாலு காசு வச்சிருக்கிறவன். நம்ம ஊரு பகை கணக்குத் தெரிஞ்ச பகை.

சம்பவ இடத்தைப் பார்த்து எழுதுற பார்வை மகஜரைப் பாரு. தெருவிளக்கு வெளிச்சத்துல நல்லாப் பார்த்தேன்னு சாட்சி சொல்லுவான். வரைபடத்துல விளக்குக் கம்பமே இருக்காது. கம்பம் இருந்தா, அன்னைக்கு ராத்திரி கரண்டு இருந்துதான்னு கேளு. நம்ம ஊருல அது நியாயமான கேள்விதான்.

எல்லாத்துக்கும் மேல, வி.ஏ.ஓ. இருக்காருல்லா? 1980-ல கிராம முன்சீப்பை ஒழிச்சுட்டு வந்த உத்தியோகம். பட்டா கேட்டுப் போனா மனுசனைப் பிடிக்க முடியாது. கொலை பண்ணிட்டுப் போனா மட்டும் ஆபீசுலயே உட்கார்ந்திருப்பாரு போல! போலீசுகிட்டக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எதிரிக்கு விரோதமாச் செல்லாதுன்னு வெள்ளைக்காரன் 1872-லயே சட்டம் எழுதிட்டான். 2024 சூலை 1-ந் தேதி சட்டத்துக்குப் புதுப் பேரு வச்சாங்களே, அதுலயும் 25-ஆம் பிரிவு 23-ஆம் பிரிவாச்சு, விசயம் அதேதான். போலீசுகிட்டச் சொன்னாச் செல்லாது, வி.ஏ.ஓ. போலீசு இல்லை. அதனால, முன்ன பின்ன முகம் பார்க்காத வி.ஏ.ஓ.வைத் தேடிப் போயி, தலையாரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, "ஐயா, மனசு உறுத்துது, நான்தான் வெட்டுனேன்"னு கொலைகாரன் அழுவான். பெத்த தாய்கிட்டச் சொல்லலை, பொண்டாட்டிகிட்டச் சொல்லலை, வி.ஏ.ஓ.கிட்டச் சொன்னான்! "உமக்கும் எதிரிக்கும் முன்பழக்கம் உண்டா?"ன்னு ஒரே கேள்வி கேளு. "இல்லை"ம்பாரு. கனம் கோர்ட்டாருக்கு அது போதும். இந்த மாதிரி வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டனை குடுக்கக் கோர்ட்டு யோசிக்கும்.

போதும்னேன் பாரு, அதுதான் மூணாவது புத்தி. வாயை மூடத் தெரியணும். காந்தி பாரிஸ்டர் பட்டம் வாங்கிட்டு வந்து, பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டுல முதல் கேசுக்கு எந்திரிச்சாரு. குறுக்கு விசாரணை பண்ணணும். தலை சுத்தி, ஒரு கேள்வியும் வரலை. உட்கார்ந்துட்டாரு. 30 ரூபா பீசையும் திருப்பிக் குடுக்கிறேன்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டாரு. அந்தப் பயம் உனக்கு வராது, உனக்கு வாயி உங்க அம்மா வழி. ஆனா கேள்வி வராத வக்கீலால கட்சிக்காரனுக்குப் பீசு மிச்சம். நிறுத்தத் தெரியாத வக்கீலால ஆயுள் தண்டனை.

ஒரு திருட்டுக் கேசை நான் கோர்ட்டு வராந்தாவுல நின்னு பார்த்தேன். "ஆட்டை இவன் அவுக்கிறதை நீ பார்த்தியா?"ன்னு வக்கீல் கேட்டாரு. "பார்க்கலை"ன்னான் சாட்சி. அத்தோட உட்கார்ந்திருக்கலாம். விதி விடலை. "பிறகு இவன்தான் திருடுனான்னு எதை வச்சுச் சொல்லுதே?"ன்னாரு. "மறுநாள் பாதி விலைக்கு என்கிட்டயே விக்க வந்தான்யா"ன்னான். சர்க்கார் வக்கீல் எந்திரிச்சு, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு உட்கார்ந்தாரு.

நாலாவது புத்தி, ஊரு பேச்சுக்கு. "உங்க மண்ணுல வக்கீலு வேலை எப்படி இருந்துது?"ன்னு எவனாவது கேட்டா ஒட்டப்பிடாரத்தைக் காட்டு. வ.உ.சி. கப்பல் ஓட்டுறதுக்கு முன்ன அங்கன கிரிமினல் வக்கீல். போலீசு சோடிச்ச கேசை உடைக்கிறதும், இல்லாதப்பட்டவனுக்குக் காசு வாங்காம ஆஜராகுறதும் அவர் வழக்கம். அதிகாரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. 1900-ல தூத்துக்குடிக்குப் போனாரு. 1908-ல அவரையே கூண்டுல ஏத்தி, பின்ஹேங்கிற செசன்ஸ் ஜட்ஜு 40 வருசம் போட்டாரு. அப்பீல்ல தண்டனை குறைஞ்சு 1912-ல வெளிய வந்தா, வக்கீல் சன்னதே போயிருந்துது. பல வருசம் கழிச்சு வாலேசுன்னு ஒரு வெள்ளைக்கார ஜட்ஜு அதை மீட்டுக் குடுத்தாரு. நன்றிக்கு மகனுக்கு வாலேசுவரன்னு பேரு வச்சாரு. ஜெயில்ல செக்கு இழுத்த மனுசன், நியாயமா நடந்தவன் வெள்ளைக்காரன்னாலும் அவன் பேரைத் தன் பிள்ளைக்கு வச்சிருக்காரு.

இன்னொண்ணும் சொல்லு. சினிமாவுல பாடி நடிச்ச பாகவதர் கதை, எங்க அய்யா காலத்துது. 1944-ல லட்சுமிகாந்தன் கொலைக் கேசு. பாகவதரும் கலைவாணரும் ஊருக்கே சாமி மாதிரி இருந்தவங்க. ஜூரி குத்தவாளின்னுது, 1945-ல தீவாந்தரத் தண்டனை. பாட்டைக் கேட்டு அழுத சனமே, "பெரிய இடம், செஞ்சாலும் செஞ்சிருப்பான்"னு முணுமுணுத்துது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, கேசு திரும்பி மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கே வந்துது. 1947-ல பாரிஸ்டர் எத்திராஜ் வாதாடுனாரு, ரெண்டு பேருக்கும் விடுதலை. அவர் பேருல பொம்பளைப் பிள்ளைகளுக்குக் காலேஜு இருக்கே, அதே எத்திராஜ்தான். ரெண்டு வருசத்துக்கு மேல உள்ள கிடந்த கணக்கை மட்டும் யாராலயும் திருப்பிக் குடுக்க முடியலை. வெளிய வந்த பாகவதர் பழைய பாகவதரா இல்லை.

அதனாலதான் சொல்லுதேன், ஜாமீன் விசயத்துல தூங்கிராதே. பிடிச்ச 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்ன நிறுத்தணும். பெரிய குத்தத்துக்கு 90 நாளு, மத்ததுக்கு 60 நாளு, அதுக்குள்ள குற்றப்பத்திரிகை வரலைன்னா எதிரி ஜாமீன்ல போகப் பாத்தியதைப்பட்டவன். ஆனா மனு போட்டாத்தான். 91-ஆம் நாள் காலையில நீ காப்பி குடிச்சுக்கிட்டிருந்து, போலீசு முந்திக்கிட்டுக் குற்றப்பத்திரிகையைப் போட்டுட்டா, உள்ள கிடக்கிறவன் உன் குடும்பத்தையே வைவான். வையட்டும், அதுல ஞாயம் இருக்கு.

பீசு? முன்கூட்டி வாங்கிரு. விடுதலை ஆனா, "நான் நிரபராதி, ஆண்டவன் விட்டான், நீ என்னத்தைப் பண்ணுனே?"ம்பான். தண்டனை ஆனா, "எதிராளிகிட்டக் கைநீட்டிட்டே"ம்பான். ரெண்டுக்கும் நடுவுலதான் உன் அடுப்பு எரியணும். ஜெயிச்சாப் பங்குன்னு பேசுறதுக்கு உங்க விதியில இடமில்லை. காசில்லாதவனுக்குச் சர்க்காரே வக்கீல் வைக்கணும்னு 1987-ல சட்டம் வந்திருக்கு. அதுல உன் பேரைக் குடு. பீசு கொஞ்சமா வருதுன்னு கேசுக் கட்டைப் பிரிக்காமப் போயி நிக்காதே. பெரிய கட்சிக்காரன் உன்னைப் பிடிக்கலைன்னா வேற வக்கீல் வைப்பான். காசில்லாதவனுக்கு நீ ஒருத்தன்தான்.

கடைசியா ஒண்ணு. டீக்கடை பெஞ்சுல பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு, "இவனுகளுக்கு என்ன வக்கீல் வேண்டியிருக்கு? பிடிச்ச இடத்துலயே சுடணும்"னு தினம் தீர்ப்புச் சொல்லுவாரே உங்க பெரிய மாமா, அவரு விடியக்காலமே கொல்லைப்புற வாசல் வழியா வந்திருக்காரு. மகனை நேத்து ராத்திரி ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை, மாமா. அவன் பக்கத்தையும் ஒருத்தரு கேக்கணும்லா?"ங்காரு. நான் ஒண்ணும் சொல்லலை. கேட்டுக்கிட்டேன். உன் கோட்டைப் பார்த்து எந்திரிச்சு வேற நின்னாரு.

போய்ப் பாரு. செஞ்சானான்னு கேக்காதே. எத்தனை மணிக்குப் பிடிச்சாங்கன்னு கேளு. பீசுல ஒரு ரூபா குறைக்காதே. ஆளு பிடிச்சுக் குடுத்த தரகுன்னு எனக்கு நீ காசு தரக் கூடாது, அதுவும் உங்க விதியில குத்தம். வக்கீலோட தாத்தாவுக்குத் தீபாவளிக்கு ரெண்டு வேட்டி எடுத்துக் குடுத்தா அதுக்கு எந்தப் பிரிவும் கிடையாது, நான் விசாரிச்சுட்டேன்.